முட்டி வலிக்கு எந்த ஊசி: ஸ்டீராய்டா, ஜெல்லா, பி.ஆர்.பி.யா?

மூட்டுத் தேய்மானத்துக்கு முட்டியில் போடுகிற ஊசிகளில் எதற்குக் காசு கொடுக்கலாம், எதற்கு வேண்டாம் என்று குன்னூரில் என்னிடம் கேட்கிறவர்கள் அதிகம். எங்கள் வீட்டிலும் பக்கத்து வீட்டிலுமாக மூன்று பேர் மூன்று விதமான ஊசி போட்டுக்கொண்டார்கள், மூன்று பேருக்கும் துணைக்குப் போனது நான்தான். அம்மாவுக்கு ஸ்டீராய்டு. கோத்தகிரியில் இருக்கும் சித்திக்கு ஜெல். பக்கத்து வீட்டு மாமாவுக்குக் கோயம்புத்தூரில் பி.ஆர்.பி., அதாவது சொந்த ரத்தத்தில் இருந்தே பிரித்தெடுத்துப் போடுகிற ஊசி.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அவசரத்தில் இருப்பவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். முட்டி வீங்கி, நீர் கோத்து, கட்டிலை விட்டு இறங்கவே முடியாத நிலையில் இருப்பவர்களுக்கு விலை குறைந்த ஸ்டீராய்டு ஊசி உதவும், ஆனால் அது வாங்கிக் கொடுக்கிற சில வாரங்களுக்குள் தொடைக்குப் பயிற்சியைத் தொடங்கிவிட வேண்டும். ஜெல்லுக்கும் பி.ஆர்.பி.க்கும் எடுத்து வைத்திருக்கிற பணத்தைப் பிசியோதெரபிக்குக் கொடுங்கள். இதை நான் சும்மா சொல்லவில்லை, மூன்று பேரையும் பக்கத்தில் இருந்து பார்த்ததோடு, இந்த ஊசிகளைப் பற்றி வந்த பெரிய ஆராய்ச்சிகளையும் தேடிப் படித்துவிட்டுச் சொல்கிறேன்.

மலையில் இருக்கிறவர்களின் முட்டிக்கும் சமவெளிக்காரர்களின் முட்டிக்கும் வித்தியாசம் உண்டு என்பதைக் கீழே இருக்கும் டாக்டர்கள் பல பேர் கேட்டுக்கொள்வதே இல்லை. "எவ்வளவு தூரம் நடப்பீங்க?" என்று கேட்பார்கள். தூரமா இங்கே பிரச்சினை? இறக்கம்தான் பிரச்சினை. அம்மா கல்யாணமாகி வந்த நாளில் இருந்து எஸ்டேட்டில் கொழுந்து எடுத்தவர். சரிவில் பக்கவாட்டில் நின்றுகொண்டு, ஒரு கால் மேலே ஒரு கால் கீழே, முதுகில் சாக்கு, மழையில் வழுக்குகிற மண். எடை போடுகிற இடத்துக்கு நிறைந்த சாக்கோடு இறங்குவதுதான் வேலையிலேயே கஷ்டமான பகுதி என்று இப்போதும் சொல்வார். இறங்கும்போது உடம்பின் மொத்த எடையையும் மடங்கிய முட்டியும் தொடைத் தசையும் சேர்ந்துதான் தாங்கிப் பிடிக்கின்றன. முட்டிச் சிப்பியின் பின்பக்கம் அப்போது அழுந்துகிற அளவு சமதளத்தில் நடக்கும்போது அழுந்தாது. அதனால் இந்த ஊர்க்காரர்கள் எந்த வைத்தியத்தையும் ஒரே கேள்வியால் அளக்கலாம்: அதற்குப் பிறகு மேட்டில் இருந்து பஸ் ஸ்டாண்டுக்குப் படியில் இறங்க முடிகிறதா, இல்லையா? நான் மூன்று பேருக்கும் அதைத்தான் அளவாக வைத்துக்கொண்டேன்.

ஊசிக்கு முன்னால் எக்ஸ்ரே. படுக்க வைத்து எடுத்த எக்ஸ்ரேயை வைத்துக்கொண்டு "ஜவ்வு தேஞ்சுபோச்சு" என்று சொன்னால் நம்ப வேண்டாம், நிற்க வைத்து எடுக்கச் சொல்லுங்கள். எடை இறங்கும்போதுதான் இரண்டு எலும்புக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி மிச்சம் என்பது தெரியும். அந்த இடைவெளியையும் ஓரத்தில் முளைத்திருக்கும் எலும்பு முட்களையும் பார்த்து ஒன்றில் இருந்து நான்கு வரை கிரேடு போடுகிறார்கள், எண் கூடக் கூடத் தேய்மானம் அதிகம். கெல்கிரென், லாரன்ஸ் என்ற இரண்டு டாக்டர்கள் 1957-இல் வகுத்த முறை, இன்றைக்கும் அதுதான் நடைமுறை. உங்கள் கிரேடு என்னவென்று தெரியாமல் எந்த ஊசிக்கும் சம்மதிக்காதீர்கள். அம்மாவுக்கு வலது முட்டி மூன்று, மாமாவுக்கு இரண்டு, சித்திக்கு இரண்டு முட்டியும் நான்கு. இந்த எண்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். இன்னொன்று: காலையில் எழுந்ததும் முட்டி இறுகிப்போய் அரை மணி நேரத்துக்குள் இளகினால் அது தேய்மானத்தின் குணம். மணிக்கணக்கில் இளகாமல், கை விரல் மூட்டுகளும் வீங்கினால் அது முடக்குவாதமாக இருக்கலாம், அதற்கு வைத்தியமே வேறு, ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். டிசம்பர், ஜனவரி உறைபனியில் எல்லோருக்கும்தான் இறுகுகிறது என்று இதை விட்டுவிடாதீர்கள்.

சரி, முதலில் ஸ்டீராய்டு.

அம்மாவுக்கு அந்த மழைக்காலத்தில் முட்டி பூசணிக்காய் மாதிரி வீங்கிவிட்டது. தைலம், ஒத்தடம், வலி மாத்திரை எதற்கும் அடங்கவில்லை, மாத்திரை வயிற்றைப் பிடித்துக்கொண்டதுதான் மிச்சம். எலும்பு டாக்டர் முட்டிச் சிப்பியைக் கட்டை விரலால் அமுக்கிவிட்டு எடுத்தார், அது உள்ளே போய்த் திரும்ப மிதந்து வந்தது. நீர் கோத்திருக்கிறது என்றார். முட்டியைச் சுற்றிப் பழுப்பு மருந்து தடவிக் காய விட்டு, சிப்பிக்கு மேலே வெளிப்பக்கமாக ஊசியைச் செலுத்தி முதலில் நீரைத்தான் இழுத்தார். வைக்கோல் நிறத்தில், லேசாக இழுபடுகிற மாதிரி, பெரிய சிரிஞ்சில் பாதிக்கு மேல் வந்தது. தெளிவாக இருக்கிறது, சீழ் இல்லை என்று வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். ஊசியை எடுக்காமலே சிரிஞ்சை மட்டும் மாற்றி, பால் மாதிரி வெள்ளையாக இருந்த ட்ரையம்சினோலோன் என்ற ஸ்டீராய்டு மருந்து 40 மில்லிகிராமை மரத்துப்போகும் மருந்தோடு கலந்து உள்ளே விட்டார். எல்லாம் சேர்த்துப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. அம்மா என் கையைப் பிடித்திருந்தார், நீர் வெளியே வர வர அந்தப் பிடி தளர்ந்தது. "அய்யோ, இதுக்குள்ள இம்புட்டுத் தண்ணியா!" என்றுதான் கேட்டார்.

அந்த மருந்து வெள்ளையாக இருப்பதற்குக் காரணம், அது கரையாத நுண்ணிய படிகமாக இருப்பது. மூட்டுக்குள் மெதுவாகக் கரைந்து, மூட்டின் உள்பக்கச் சவ்வில் இருக்கும் அழற்சியைத் தணிக்கிறது. தேய்ந்த குருத்தெலும்பை அது சரிசெய்வதில்லை, வளர்க்காது, ஒட்ட வைக்காது. அதனால் வீக்கமும் நீரும் இருக்கிற முட்டியில் அதற்கு வேலை இருக்கிறது என்பது என் கணிப்பு. அம்மாவுக்கு மூன்றாம் நாளில் இருந்து வலி குறைந்தது, ஒரு வாரத்தில் படியில் சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். டாக்டர் முன்பே எச்சரித்திருந்தார்: "வலி போயிருச்சுன்னு மறுபடி கொழுந்துக்குக் கிளம்பிறாதீங்கம்மா, இது கொஞ்ச நாளைக்குத்தான். அதுக்குள்ள தொடையை பலமாக்கிக்கணும்."

அவர் சொன்னது ஆராய்ச்சியோடு அப்படியே பொருந்துகிறது. ஸ்டீராய்டு ஊசி பற்றிய 27 ஆய்வுகளைச் சேர்த்து 2015-இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடுகிற காக்ரேன் அமைப்பு வெளியிட்ட தொகுப்பில், முதல் இரண்டு வாரம் ஓரளவு நல்ல பலன், ஆறு வாரத்தில் கொஞ்சம், ஆறு மாதத்தில் எதுவுமே இல்லை என்றுதான் இருக்கிறது. திரும்பத் திரும்பப் போடுவதற்கு ஒரு விலையும் உண்டு. 2017-இல் அமெரிக்காவில் 140 பேருக்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறை வீதம் இரண்டு வருஷம், பாதிப் பேருக்கு இதே 40 மில்லிகிராம் மருந்தையும் மீதிப் பேருக்கு வெறும் உப்பு நீரையும் போட்டுப் பார்த்தார்கள். வலியில் இரண்டு தரப்புக்கும் வித்தியாசம் தெரியவில்லை, ஆனால் ஸ்டீராய்டு போட்டவர்களுக்குக் குருத்தெலும்பு 0.21 மில்லிமீட்டரும் உப்பு நீர்க்காரர்களுக்கு 0.10 மில்லிமீட்டரும் குறைந்திருந்தது. அதனால்தான் "வலிக்கும்போதெல்லாம் வாங்க, போட்டு விடுறேன்" என்கிற இடத்துக்குப் போகாதீர்கள் என்கிறேன். ஒரே முட்டியில் மூன்று மாதத்துக்குள் மறுபடி போடக் கூடாது என்பது டாக்டர்கள் பொதுவாக வைத்திருக்கும் கணக்கு. அம்மாவுக்கு நடுவில் ஒரு தடவை வலி வந்தபோது எங்கள் டாக்டர், நீர் இல்லை, ஊசி வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிட்டார். எனக்கு அவர் மேல் மரியாதை கூடியது அன்றைக்குத்தான்.

சுகர் இருக்கிறவர்கள் இதைக் கட்டாயம் படியுங்கள். ஸ்டீராய்டு ஊசி முட்டியில் போட்டாலும் கொஞ்சம் ரத்தத்தில் கலக்கும், சில நாட்களுக்குச் சர்க்கரை எகிறும். அம்மாவுக்குச் சாப்பிடும் முன் பார்த்ததே 280 வரை போனது, ஒரு வாரத்துக்குள் பழைய நிலைக்கு வந்தது. முன்கூட்டியே சொல்லியிருந்ததால் வீட்டில் காலையும் மாலையும் விரலில் குத்திப் பார்த்துக்கொண்டிருந்தோம், மாத்திரை அளவை டாக்டரிடம் போனில் கேட்டு மாற்றிக்கொண்டோம். ஏற்கனவே சுகர் கட்டுக்குள் இல்லாதவர்கள் முதலில் அதைச் சரிசெய்துவிட்டுத்தான் ஊசிக்குப் போக வேண்டும். செலவு? மருந்து சில நூறு ரூபாய், டாக்டர் கட்டணம் எல்லாம் சேர்த்து எங்களுக்கு ஆயிரத்தைக் கொஞ்சம் தாண்டியது.

அடுத்து ஜெல். இதில் எனக்கு இன்னமும் கோபம் ஆறவில்லை.

சித்திக்கு ஒரு தனியார் கிளினிக்கில் சொன்னது இதுதான்: "துருப்பிடிச்ச கீலுக்கு எண்ணெய் விட்ட மாதிரி இருக்கும்மா, ஆபரேஷனே வேண்டாம்." கேட்டதும் யாருக்கும் பிடித்துப்போகும் பேச்சு. அந்த ஜெல் ஹயலூரோனிக் அமிலம், நம் மூட்டு நீரிலேயே இயற்கையாக இருக்கிற பொருள், தேய்மானம் வந்தால் அது நீர்த்துப்போகிறது என்பதும் உண்மை. ஆனால் வெளியில் இருந்து செலுத்துகிற ஜெல் மாதக்கணக்கில் அங்கேயே தங்கி உராய்வைத் தடுப்பதில்லை, சில நாட்களில் இருந்து சில வாரங்களுக்குள் உடம்பு அதைக் கரைத்து வெளியேற்றிவிடுகிறது. சில வகைகளைச் சேவலின் கொண்டையில் இருந்து எடுக்கிறார்கள், சில வகைகளை நுண்ணுயிரிகளை வளர்த்து எடுக்கிறார்கள். கோழி, முட்டை ஒவ்வாதவர்கள் எந்த வகை என்று கேட்க வேண்டியது அவசியம். வாரம் ஒன்று வீதம் மூன்று அல்லது ஐந்து போடுகிறவையும் உண்டு, ஒரே ஊசியாக 6 மில்லி போடுகிறவையும் உண்டு. சித்திக்குப் போட்டது ஒரே ஊசி வகை. அந்த ஜெல் எவ்வளவு கெட்டி என்றால், சிரிஞ்சை அழுத்தும்போது டாக்டரின் கட்டை விரல் வெளுத்துப்போனதை நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

ஒரு முட்டிக்குப் பதினெட்டாயிரம். இரண்டு முட்டிக்கும் போட்டார்கள். கோத்தகிரியில் பச்சைத் தேயிலை விற்று வாழ்கிற குடும்பத்துக்கு அது என்ன தொகை என்பதை இங்கே இருப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. இரண்டாம் நாள் இடது முட்டி சூடாகி வீங்கி, காலை ஊன்றவே முடியவில்லை. சீழ் பிடித்துவிட்டதோ என்று பதறிப்போய் வேறு மருத்துவமனைக்குக் கூட்டிக்கொண்டு ஓடினோம், நீரை எடுத்துப் பரிசோதித்ததில் கிருமி இல்லை. இந்த ஜெல்லுக்குச் சில பேருக்கு உடம்பு இப்படி எதிர்வினை காட்டும் என்று அங்கேதான் சொன்னார்கள். போடுவதற்கு முன் ஒருவரும் சொல்லவில்லை. வீக்கம் வடிந்த பிறகும் வலியில் மாற்றம் எதுவும் இல்லை, இறக்கத்தில் பின்பக்கமாகத் திரும்பிக்கொண்டு இறங்குவதுதான் தொடர்ந்தது.

அதற்கும் காரணம் இருக்கிறது. சித்தியின் முட்டி கிரேடு நான்கு, எலும்போடு எலும்பு உரசிக்கொண்டிருந்தது. ஜெல் ஊசியை ஆதரிக்கிற டாக்டர்களே ஆரம்ப, நடு நிலைத் தேய்மானத்துக்குத்தான் அதைச் சொல்கிறார்கள். அந்த எக்ஸ்ரே அந்த கிளினிக்கின் மேஜை மேலேயே இருந்தது. சரி, கிரேடு குறைவாக இருந்தால் பலன் உண்டா? 2022-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் 169 ஆய்வுகளை, இருபத்தோராயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் தகவலைச் சேர்த்துப் பார்த்தார்கள். நூறு புள்ளி வலி அளவில், பொய் ஊசியை விட ஜெல் குறைத்தது இரண்டே இரண்டு புள்ளி. நோயாளியால் உணரவே முடியாத அளவு. கூடவே, மோசமான பக்கவிளைவுகள் ஜெல் போட்டவர்களிடம் அதிகமாக இருந்தன. அமெரிக்க எலும்பு அறுவை மருத்துவர்கள் சங்கம் 2021 வழிகாட்டியில் வழக்கமாக இதைப் போட வேண்டாம் என்றுதான் எழுதியிருக்கிறது. மூட்டுநோய் ஆய்வாளர்களின் சர்வதேச அமைப்பு ஒன்று 2019-இல் சில நிபந்தனைகளோடு ஏற்றுக்கொண்டிருக்கிறது, அதையும் சொல்லிவிடுவது நியாயம். ஆனாலும் என் தீர்ப்பு மாறவில்லை, இந்த விலைக்கு இந்தப் பலன் ஏற்கத்தக்கதே இல்லை.

பி.ஆர்.பி.யைப் பற்றிச் சொல்லும்போது கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மாமா அதில் முழு நம்பிக்கையோடு இருக்கிறார், அவருக்கு இப்போது முட்டி நன்றாகவும் இருக்கிறது. அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், எதையும் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் செய்வார். நம் ரத்தத்தையே எடுத்து, மெஷினில் வேகமாகச் சுற்றவிட்டு, தட்டணுக்கள் செறிந்த பகுதியை மட்டும் பிரித்து முட்டியில் போடுவதுதான் இந்த முறை. சுற்றி முடித்த குழாயை எங்களுக்குக் காட்டினார்கள். அடியில் கருஞ்சிவப்பு, மேலே தேன் நிறத்தில் தெளிந்த நீர், இரண்டுக்கும் நடுவில் நூல் அளவு வெள்ளைப் படலம். அந்தப் படலத்துக்குப் பக்கத்தில் இருந்துதான் எடுத்தார்கள். காயம் ஆறுவதற்கு உதவும் புரதங்களைத் தட்டணுக்கள் வெளியிடும், அதனால் மூட்டிலும் சீரமைப்பு நடக்கும் என்பது எதிர்பார்ப்பு. போட்ட அன்று வலி ஸ்டீராய்டை விட அதிகம், இரண்டு மூன்று நாள் முட்டி கனமாக இருந்தது. முன்னும் பின்னும் சில நாள் டைக்ளோஃபெனாக் மாதிரி வலி மாத்திரை போடக் கூடாது என்று சொல்லியிருந்ததால், அந்த நாட்களை வெறும் பாராசிட்டமாலில் ஓட்டினார்.

வாரம் ஒன்று வீதம் மூன்று தடவை. ஒவ்வொரு தடவையும் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி, மேட்டுப்பாளையம் தாண்டி, திரும்ப அதே வளைவுகளில் ஏறி வர வேண்டும். பஸ்ஸில் முட்டியை நீட்ட இடம் கிடையாது என்பதால் வண்டி பிடித்துத்தான் போனோம். நடுவில் ஒரு வாரம் மழையில் மண் சரிந்து பாதை அடைபட்டு, கோத்தகிரி வழியாகச் சுற்றி வந்தோம். ஊசி ஒன்றுக்கு எட்டாயிரம் என்றார்கள், வண்டி வாடகை தனி. கிளினிக்கில் போட்டுத் தருகிற கணக்கில் இந்தச் செலவும் களைப்பும் வருவதே இல்லை, மலையில் இருந்து போகிறவர்கள் அதையும் கூட்டிக்கொள்ள வேண்டும்.

மாமாவுக்கு இரண்டு மாதத்தில் நல்ல முன்னேற்றம் தெரிந்தது. ஆனால் அதே இரண்டு மாதத்தில் அவர் சிம்ஸ் பார்க்கில் தினமும் நடந்தார், மாமி சோற்றைக் குறைத்தார், எடை இறங்கியது, பிசியோ சொல்லிக்கொடுத்ததை ஒரு நாள் விடாமல் செய்தார். "மாமா, இதுல எது வேலை செஞ்சதுன்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன். "எனக்குத் தெரியும்மா, ரத்தம்தான்" என்றார். அவர் வலி குறைந்தது நிஜம், அதை யாரும் மறுக்க முடியாது. எதனால் குறைந்தது என்பதை ஒரு ஆளை வைத்துச் சொல்லிவிட முடியாது என்பதற்காகத்தான் ஆராய்ச்சியே செய்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் 288 பேரை வைத்து நடத்தி 2021-இல் வெளியிட்ட ஆய்வு மாமாவின் நிலைக்கு மிகவும் நெருக்கமானது: மிதமான தேய்மானம், வாரம் ஒன்றாக மூன்று ஊசி. பாதிப் பேருக்குப் பி.ஆர்.பி., பாதிப் பேருக்கு உப்பு நீர். யாருக்கு எது என்று போட்டுக்கொண்டவர்களுக்குத் தெரியாது. ஒரு வருஷம் கழித்து, பத்துப் புள்ளி அளவில் பி.ஆர்.பி. காரர்களுக்கு வலி 2.1 குறைந்திருந்தது, உப்பு நீர்க்காரர்களுக்கு 1.8. குருத்தெலும்பின் அளவிலும் வித்தியாசம் இல்லை. அதாவது, முட்டியில் வெறும் உப்பு நீரைப் போட்டாலே ஒரு வருஷம் வரை அவ்வளவு குறைகிறது. ஊசிக்கு என்றே மனசும் உடம்பும் சேர்ந்து காட்டுகிற பலன் அது, தேய்மான வலி தானாகவே ஏறி இறங்குவதும் அதில் சேர்ந்திருக்கிறது.

சாதகமான முடிவு காட்டிய ஆய்வுகளும் பி.ஆர்.பி.க்கு உண்டு, அமெரிக்க எலும்பு மருத்துவர்கள் சங்கம் வலி குறைக்கலாம் என்று பலவீனமான ஆதாரத்தோடு சொல்லியிருக்கிறது. அமெரிக்க மூட்டுவாத மருத்துவர் கல்லூரி 2019-இல் கடுமையாக வேண்டாம் என்றிருக்கிறது. ஒவ்வொரு இடத்திலும் தயாரிக்கிற விதம் வேறு, தட்டணு அளவு வேறு என்பதால் ஒருவருக்குப் போட்டதும் இன்னொருவருக்குப் போட்டதும் ஒரே மருந்து என்றுகூடச் சொல்ல முடியாது. சொந்த ரத்தம் என்பதால் ஒவ்வாமை ஆபத்து குறைவு, அது ஒரு நல்ல விஷயம். வசதி இருந்து, கிரேடு இரண்டுக்குள் இருந்து, எல்லாம் தெரிந்து போட்டுக்கொள்கிறவர்களை நான் தடுக்க மாட்டேன். கடன் வாங்கிப் போடாதீர்கள்.

ஸ்டெம் செல் ஊசி, குருத்தெலும்பு திரும்ப வளரும் என்கிற பேச்சு வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். மூன்று வகை ஸ்டெம் செல் ஊசிகளைச் சாதாரண ஸ்டீராய்டோடு ஒப்பிட்டு, சுமார் 480 பேரை வைத்து 2023-இல் வெளியான ஆய்வில் ஒரு வருஷத்தில் எந்த வகையும் ஸ்டீராய்டைத் தாண்டவில்லை. லட்சத்தைத் தொடுகிற விலை, சில நூறு ரூபாய் மருந்துக்கு மேல் பலன் இல்லை. அப்படியும் யாராவது வற்புறுத்தினால் என்ன தயாரிப்பு, மருந்துக் கட்டுப்பாட்டு அனுமதி இருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள்.

இனி, உண்மையில் காசுக்கு மதிப்புள்ளது. 2020-இல் அமெரிக்க ராணுவ மருத்துவமனைகளில் 156 பேரைப் பிரித்து, ஒரு பாதிக்கு ஸ்டீராய்டு ஊசி, மறு பாதிக்குப் பிசியோதெரபி கொடுத்தார்கள். ஒரு வருஷம் கழித்து வலி, இறுக்கம், நடமாட்டம் எல்லாம் சேர்ந்த அளவில் (குறைவாக இருந்தால் நல்லது) ஊசிக்காரர்கள் 55.8, பிசியோக்காரர்கள் 37. இந்த ஒரு ஆய்வைத்தான் நான் கேட்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அம்மாவுக்குப் பிசியோ சொல்லிக்கொடுத்தது பெரிய வித்தை எதுவும் கிடையாது. காலை நீட்டி உட்கார்ந்து, முட்டிக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து, தொடையை இறுக்கித் துண்டைக் கீழே அமுக்கிப் பிடித்து விடுவது. நாற்காலியில் இருந்து கை ஊன்றாமல் எழுந்து, அதை விட மெதுவாக உட்காருவது. பிறகு, மலைக்காரர்களுக்கு எல்லாவற்றையும் விட முக்கியமானது, ஒரே ஒரு தாழ்ந்த படியில் நின்று மறு காலை மெதுவாகத் தரையில் வைத்து எடுப்பது. இறங்குவதற்கான பலம் அதில்தான் வருகிறது. முதல் இரண்டு வாரம் அம்மா திட்டிக்கொண்டேதான் செய்தார். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கிற கால் முதலில், கைத்தடி வலிக்கிற காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் என்பதையும் அந்தப் பிசியோ பொண்ணுதான் சொல்லிக்கொடுத்தது. ஊர் முழுக்கத் தடியை வலிக்கிற பக்கத்திலேயே பிடித்துக்கொண்டு நடக்கிறார்கள், பார்க்கும்போதெல்லாம் நிறுத்திச் சொல்லிவிட்டுத்தான் நகர்கிறேன். எடையும் அப்படித்தான், ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் முட்டியில் இறங்குகிற பாரம் நான்கு கிலோ குறைகிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். மேலே தடவுகிற டைக்ளோஃபெனாக் ஜெல்லும் முட்டிக்கு நன்றாகவே கேட்கிறது, வயிற்றுக்கும் மாத்திரை அளவுக்குத் தொந்தரவு இல்லை.

இதற்குக் கோயம்புத்தூர் போக வேண்டியதில்லை. குன்னூரில் லாலி அரசு மருத்துவமனை இருக்கிறது, ஊட்டியில் 2025 ஏப்ரலில் 700 படுக்கைகளோடு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை திறந்திருக்கிறார்கள். நடக்கவே முடியாதவர்கள் 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே பிசியோ வரும்படி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவு செய்யலாம். எஸ்டேட் லைன் வீடுகளில் இருக்கிற வயதானவர்களில் பல பேருக்கு இது தெரிவதில்லை, தெரிந்தவர்கள் போய்ச் சொல்லுங்கள்.

சித்திக்கு இப்போது மாற்று மூட்டு அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்திருக்கிறார்கள். கிரேடு நான்கில், இரவில் தூக்கம் கெடுகிற வலியில், அதுதான் சரியான வழி, ஊசிகளால் அதைத் தள்ளிப்போட்டதில் முப்பத்தாறாயிரம் போனதுதான் மிச்சம். மூட்டின் விலையை மத்திய அரசு 2017 ஆகஸ்டில் கட்டுப்படுத்திவிட்டது, வழக்கமாகப் போடுகிற கோபால்ட் குரோமியம் மூட்டுக்கு அப்போது வைத்த உச்சவரம்பு வரி நீங்கலாக 54,720 ரூபாய், அதனால் பில்லில் மூட்டின் விலையைத் தனியாகக் காட்டச் சொல்லுங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் அதையும் எடுத்துக்கொண்டு போய்க் கேளுங்கள். ஆபரேஷன் நாள் நெருங்கும்போது "அதுவரைக்கும் வலி தெரியாம இருக்கட்டும்" என்று யாராவது ஸ்டீராய்டு ஊசி போட வந்தால் விடாதீர்கள், மூட்டு மாற்றுவதற்கு முந்தின மூன்று மாதத்துக்குள் ஊசி போட்டிருந்தால் புதிய மூட்டில் கிருமி தொற்றுகிற ஆபத்து கூடுகிறது.

எந்த ஊசியாக இருந்தாலும், போட்ட பிறகு முட்டி சிவந்து, சூடாகி, காய்ச்சல் வந்து, காலை அசைக்கவே முடியாத வலி இருந்தால் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். சித்திக்குக் கிருமி இல்லாமல் போனது நல்ல நேரம், கிருமியாக இருந்தால் ஒவ்வொரு மணி நேரமும் மூட்டை அரித்துவிடும். ராத்திரி என்றாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். ஊசி போட்ட தேதி, மருந்தின் பெயர், அளவு மூன்றையும் சீட்டில் எழுதி வாங்கிக் கையில் வைத்திருங்கள், அங்கே இருக்கிற டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.